1964 குடிமை உரிமைச் சட்டம்: சமத்துவத்தை விட்டுவிட்டு வணிகத்தைப் பிடித்தது ஏன்?

#1 தாமிரபரணிக்கரை

வணக்கம். நான் சட்டம் படித்தவன் அல்ல. வங்கியில் முப்பது ஆண்டு பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவன். அமெரிக்க வரலாறு படிக்கும் பழக்கம் பிற்பாடு ஒட்டிக்கொண்டது. நான்கு நாட்களாக ஒரு சந்தேகம் குடைகிறது, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோலின் நிறத்தைப் பார்த்து ஒருவரை உணவகத்திலிருந்து விரட்டுவதை அமெரிக்க நடுவண் அரசு 1964 ஜூலை 2-இல் சட்டவிரோதம் ஆக்கியது. அலபாமாவின் பர்மிங்காமில் ஆலீஸ் பார்பிக்யூ என்றொரு உணவகம். 1927-இல் திறந்த நாளிலிருந்தே கறுப்பர்களை உள்ளே உட்கார வைத்ததில்லை. பொட்டலம் கட்டிக் கொடுப்பதோடு சரி. சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். டிசம்பர் 14-இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தும் என்றது. நல்லது.

காரணத்தைப் படித்தபோதுதான் திகைத்தேன். அந்த உணவகம் ஓராண்டில் வாங்கிய சுமார் 1,50,000 டாலர் உணவுப் பொருளில் 69,683 டாலர் இறைச்சி, வெளி மாநிலத்திலிருந்து சரக்கு தருவிக்கும் வியாபாரியிடம் வாங்கியது. 46 விழுக்காடு. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆகவே சட்டம் செல்லும். முடிந்தது தீர்ப்பு.

வாழ்நாள் முழுக்க வரவு செலவு பார்த்த எனக்கே கூச்சமாக இருக்கிறது. மனிதனை மனிதனாக நடத்து என்று சொல்ல இறைச்சி பில்லா ஆதாரம்? சட்டத்தின் சமமான பாதுகாப்பை எவருக்கும் மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் 14-ஆம் திருத்தம் 1868-இலேயே எழுதி வைத்திருக்கிறதே, அதை ஏன் எடுக்கவில்லை?

#2 பொடிநடை

தலைப்பில் 'குடியுரிமைச் சட்டம்' என்று பார்த்து, நம்மூர்ச் சண்டை என்று நினைத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். இங்கே இறைச்சிக் கணக்கு ஓடுகிறது. சரி, உட்கார்ந்து கேட்கிறேன்.

#3 மட்டுறுத்துநர்

தலைப்பைத் திருத்திவிட்டேன். யார் இந்நாட்டவர் என்பது குடியுரிமை. இந்நாட்டவருக்கு என்னென்ன உரிமை என்பது குடிமை உரிமை. செய்தித்தாள்களே இரண்டையும் குழப்புவதால் தாமிரபரணிக்கரை ஐயாவைக் குறை சொல்ல முடியாது.

#4 மாறுபட்டதீர்ப்பு

ஐயா, நீங்கள் கேட்டதை 1964-லிலேயே அமெரிக்கச் சட்டப் பேராசிரியர்கள் கேட்டார்கள். விடை 1883-இல் இருக்கிறது. சட்டக் கல்லூரியில் பாடம் எடுத்த பழக்கத்தில் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865-இல் 13-ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. மறு ஆண்டே, குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் வெட்டோ செய்ததையும் மீறி முதல் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது. சொத்து வாங்கவும் விற்கவும் ஒப்பந்தம் செய்யவும் வழக்குத் தொடுக்கவும் வெள்ளையருக்கு உள்ள உரிமை எல்லாக் குடிமக்களுக்கும் உண்டு என்றது அது. (இந்த 1866 சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செத்துப் பிழைத்த கதை அதற்கு உண்டு.) பிறகு 1868-இல் 14-ஆம் திருத்தம், 1870-இல் வாக்குரிமைக்கான 15-ஆம் திருத்தம்.

இப்போது முக்கியமான இடம். விடுதி, ரயில், படகு, நாடக அரங்கு ஆகிய எல்லாவற்றிலும் அனைவருக்கும் சம இடம் என்று 1875 மார்ச் 1-இல் ஒரு சட்டம் வந்தது. செனட்டர் சார்லஸ் சம்னரின் கனவு அது. அதைப் பார்க்காமலே முந்தைய ஆண்டு இறந்துபோனார். மறுத்தால் பாதிக்கப்பட்டவருக்கு 500 டாலர் தரவேண்டும், அபராதம் தனி. அந்தக் காலத்து 500 டாலர்! ஆக, 1964-இல் வந்தது புதிய சிந்தனை அல்ல. 89 ஆண்டுகளுக்கு முன்பே எழுதியதைத்தான் மறுபடி எழுதினார்கள்.

1875-க்கு என்ன ஆயிற்று? கான்சாஸ், கலிபோர்னியா, மிசௌரி, நியூயார்க், டென்னசி என்று ஐந்து வழக்குகளைச் சேர்த்து 1883-இல் உச்ச நீதிமன்றம் அடித்துப் போட்டது. கவனியுங்கள், வழக்குகளில் பாதிக்கு மேல் பழைய அடிமை மாநிலங்களிலிருந்து வந்தவை அல்ல. நீதிபதி ஜோசப் பிராட்லி எழுதினார்: 14-ஆம் திருத்தம் 'எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது' என்றுதான் சொல்கிறது, விடுதிக்காரன் மாநிலம் அல்ல, தனியாள், தனியாள் செய்யும் வேற்றுமையை நாடாளுமன்றம் தொட முடியாது. அதோடு நிறுத்தவில்லை. அடிமைத்தனத்திலிருந்து வந்தவன் ஏதோ ஒரு கட்டத்தில் சட்டத்தின் செல்லப்பிள்ளையாக இருப்பதை விட்டுச் சாதாரணக் குடிமகனாக வேண்டும் என்று உபதேசமும் செய்தார். விடுதலை கிடைத்துப் பதினெட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

எட்டுப் பேர் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் ஒருவர், ஜான் மார்ஷல் ஹார்லன். கென்டக்கிக்காரர், தாமே முன்பு அடிமைகளை வைத்திருந்தவர். தம் மாறுபட்ட தீர்ப்பை எழுத முடியாமல் அவர் திணறியதை அவருடைய மனைவி மால்வினா நினைவுக் குறிப்பில் சொல்கிறார். கறுப்பருக்கு அமெரிக்கக் குடியுரிமையே கிடையாது என்று 1857-இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் தீர்ப்பு எழுதினாரே தலைமை நீதிபதி டேனி, அவர் பயன்படுத்திய மைக்கூடு ஹார்லனிடம் இருந்தது. வேறொருவருக்குத் தருவதாக அவர் வாக்குக் கொடுத்திருந்தார். அந்த அம்மாள் அதை ஒளித்து வைத்திருந்தார். கணவர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போன நேரத்தில் மேசையிலிருந்த மற்ற மைக்கூடுகளை அகற்றிவிட்டு, டேனியின் கூட்டில் மை நிரப்பி வைத்தார். ஹார்லனின் பேனா ஓடத் தொடங்கியது.

அந்த 1883 தீர்ப்பு இன்றுவரை ரத்தாகவில்லை. அதனால்தான் இறைச்சி பில்.

#5 கறார்கந்தன்

மைக்கூட்டுக் கதை நன்றாக இருக்கிறது. கேள்விக்கு விடை வரவில்லை. 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற 1896 பிளெஸ்ஸி தீர்ப்பையே 1954-இல் பிரௌன் வழக்கில் ஒன்பதுக்குப் பூச்சியம் என்று குப்பையில் போட்டார்களே? அதே தலைமை நீதிபதி ஏர்ல் வாரனின் நீதிமன்றம்தானே 1964-லும் இருந்தது? 1883-ஐயும் போட வேண்டியதுதானே? துணிவில்லை. சுற்றுவழியில் போனார்கள். அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர் வைக்கப் போகிறீர்கள்.

#6 மாறுபட்டதீர்ப்பு

கந்தன், பிரௌன் வழக்கில் எதிரி அரசுப் பள்ளி. மாநிலமே செய்த வேற்றுமை. 14-ஆம் திருத்தத்தின் நேர்ப் பொருளுக்குள் அடங்கும். உணவகம் அப்படி அல்ல.

துணிவைப் பற்றிக் கேட்டீர்கள். 1960-இல் பால்டிமோரில் ஓர் உணவகத்தில் இடம் கேட்டு உட்கார்ந்த மாணவர்களை அத்துமீறி நுழைந்ததாகத் தண்டித்தார்கள். அந்த வழக்கு 1964 ஜூன் 22-இல், அதாவது செனட் மசோதாவை நிறைவேற்றி மூன்றே நாளில், உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. மேரிலாந்து சட்டம் இடையில் மாறிவிட்டது என்று சொல்லிப் பெரும்பான்மை நழுவிக்கொண்டது. மூல கேள்வியில் மூன்று நீதிபதிகள் மாணவர் பக்கம். மூன்று பேர், ஹ்யூகோ பிளாக் உட்பட, 14-ஆம் திருத்தம் தானாக உணவகக்காரரைக் கட்டுப்படுத்தாது என்றார்கள். மீதி மூவர் வாய் திறக்கவில்லை. இந்த நிலையில் மசோதாவை 14-ஆம் திருத்தத்தின் தலையில் மட்டும் ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யாருக்கும் உறுதி இல்லை.

பிளாக்குடன் சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பெயர் ஜான் மார்ஷல் ஹார்லன். அந்த ஹார்லனின் சொந்தப் பேரன்.

தண்டிக்கப்பட்ட மாணவர் ராபர்ட் பெல் பிற்காலத்தில் மேரிலாந்தின் தலைமை நீதிபதியானார்.

#7 பொடிநடை

பேரனுக்கு அந்த மைக்கூட்டை யாரும் கொடுக்கவில்லை போலிருக்கிறது.

#8 செனட்காலரி

நீதிமன்றத்தை விட்டு ஒரு நிமிடம் இந்தப் பக்கம் வாருங்கள். 'வணிகம்' என்ற சொல்லுக்கு வேறொரு பயனும் இருந்தது, அதை யாரும் சொல்லவில்லை.

மசோதா எந்தக் குழுவுக்குப் போகிறது என்பதில்தான் அதன் உயிர். குடிமை உரிமை என்றால் செனட்டின் நீதித்துறைக் குழு. தலைவர் மிசிசிப்பியின் ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்து. அந்தக் குழுவுக்குள் போன குடிமை உரிமை மசோதா திரும்பி வருவது அபூர்வம். 'வணிகம்' என்று எழுதினால்? வணிகக் குழு. தலைவர் வாஷிங்டன் மாநிலத்தின் வாரன் மேக்னுசன், ஆதரவாளர். 1963-இல் விடுதி, உணவகப் பகுதியைத் தனி மசோதாவாக அவரிடம் அனுப்பினார்கள், விசாரணையும் நடந்தது. பிறகு பிரதிநிதிகள் சபை 290-க்கு 130 என்று நிறைவேற்றிய முழு மசோதா வந்தபோது, ஈஸ்ட்லாந்தின் குழுவுக்கு அனுப்பாமல் நேரே அவைக்கே எடுத்துக்கொண்டார்கள்.

அதன்பின் மார்ச் கடைசி முதல் ஜூன் வரை தென்மாநிலத்தார் பேசிப் பேசியே இழுத்தடித்தார்கள். கடைசி இரவில் ராபர்ட் பேர்டு ஒருவரே பதினான்கு மணி நேரத்துக்கு மேல் பேசினார். நிறுத்த 67 வாக்கு வேண்டும். ஜூன் 10-இல் கிடைத்தவை 71. அதில் ஒன்று கலிபோர்னியாவின் கிளேர் எங்கிள் போட்டது. மூளையில் கட்டி, பேச்சு போய்விட்டது, சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெயரைக் கூப்பிட்டபோது வாய் திறக்க முடியாமல் கையை உயர்த்தித் தன் கண்ணைச் சுட்டினார். ஆங்கிலத்தில் கண்ணும் 'ஆம்' வாக்கும் ஒரே ஒலி. அடுத்த மாதம் இறந்துபோனார்.

சட்டப் புத்தகத்தில் இதெல்லாம் இருக்காது. கந்தன் சொல்லும் துணிவு அந்த நாற்காலியிலும் இருந்தது.

#9 அட்லாண்டாசெல்வி

நான் அட்லாண்டாவில் இருக்கிறேன். ஆலீஸ் வழக்கோடு அதே நாளில் தீர்ப்பான இரட்டைப் பிள்ளை எங்கள் ஊருடையது: ஹார்ட் ஆஃப் அட்லாண்டா மோட்டல், 216 அறைகள். விருந்தினரில் முக்கால்வாசிப் பேர் வெளி மாநிலத்தார். சாலையோர விளம்பரப் பலகை வைத்து அழைத்த கூட்டம். எனவே வணிகம் என்று நிரூபிக்கச் சிரமமே இல்லை. உரிமையாளர் மார்ட்டன் ரோல்ஸ்டன் தாமே வழக்கறிஞர், தாமே உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார்.

அவர் எடுத்த வாதங்களில் ஒன்றைக் கேளுங்கள். விருப்பமில்லாதவருக்கு அறை கொடுக்கச் சொல்வது என்னைக் கட்டாய ஊழியம் செய்ய வைப்பதாகும். 13-ஆம் திருத்தம் அதைத் தடுக்கிறது! அடிமையை விடுவித்த திருத்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அடிமைகளின் பேரப்பிள்ளைகளுக்கு அறை தர மாட்டேன் என்று ஒருவர் நிற்கிறார். நீதிபதிகள் இரண்டு வரியில் தள்ளிவிட்டார்கள். நானாக இருந்தால் இருபது பக்கம் எழுதியிருப்பேன்.

இதே ஊரில் லெஸ்டர் மேடக்ஸ், பிக்ரிக் உணவகத்துக்காரர், சட்டம் வந்த மறுநாளே வாசலுக்கு வந்த கறுப்பர்களைத் துப்பாக்கியைக் காட்டி விரட்டினார். கோடரிக் காம்பை ஆதரவாளர்களுக்கு விற்றார். நீதிமன்றம் ஆணையிட்டதும் பணிவதற்குப் பதிலாகக் கடையை மூடினார். 1967-இல் அவரே ஜார்ஜியாவின் ஆளுநர். நாடகத்தில் எழுதினால் நம்பமாட்டார்கள்.

#10 கறார்கந்தன்

செல்வி அம்மா சொன்னது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. சட்டம் காகிதம். அலபாமாவின் மான்ட்கோமரியில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ ரோசா பார்க்ஸ் மறுத்தார், 381 நாள் மக்கள் பஸ்ஸைப் புறக்கணித்தார்கள், அந்த வழக்கில் அவர் வென்றார். தெருவில் நடந்ததுதான் நீதிமன்றத்துக்குப் போயிற்று.

#11 மாறுபட்டதீர்ப்பு

தெருவைப் பற்றி உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஒரு திருத்தம். மான்ட்கோமரி பஸ்களில் பிரிவினையை முடித்த பிரௌடர் எதிர் கேல் வழக்கில் ரோசா பார்க்ஸ் மனுதாரரே அல்ல. அவர் மீதான குற்ற வழக்கு மாநில நீதிமன்றத்தில் கிடந்தது. அதைக் கோத்தால் சிக்கல் என்று வழக்கறிஞர் ஃபிரெட் கிரே அவரை விட்டுவிட்டார். மனுதாரர்களாக நின்று வென்ற நால்வர் ஆரெலியா பிரௌடர், சூசி மெக்டானல்டு, மேரி லூயிஸ் ஸ்மித், கிளாடெட் கோல்வின். கோல்வின் பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பதினைந்து வயதில், இருக்கையை விட மறுத்துக் கைதானவர். கீழ் நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளில் இருவர் அவர்கள் பக்கம். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. புறக்கணிப்பு மட்டும் பஸ் விதியை மாற்றவில்லை, வழக்கு மட்டும் மக்களை நடக்க வைக்கவில்லை.

#12 கறார்கந்தன்

பார்க்ஸ் விஷயத்தில் தவறு என்னுடையது. நாற்பது ஆண்டாக மேடையில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். எத்தனை கூட்டம்!

#13 தாமிரபரணிக்கரை

எல்லாருக்கும் நன்றி. பேரேட்டுக் கேள்வி ஒன்று. 1875-இல் மறுத்தால் 500 டாலர் கொடு என்றார்களே, 1964-இல் எவ்வளவு?

#14 மாறுபட்டதீர்ப்பு

பூச்சியம். உணவகம், விடுதிப் பகுதியில் இழப்பீடே கிடையாது. இனிச் செய்யாதே என்று தடையாணை வாங்கலாம், அவ்வளவுதான். வீட்டுக்காரரே குடியிருந்து ஐந்து அறைக்கு மேல் வாடகைக்கு விடாத சிறு விடுதிக்கு விலக்கு வேறு. பணம் வராத வழக்கை யார் நடத்துவார்? தென் கரோலினாவில் பிக்கி பார்க் என்ற உணவகக் குழுமத்தின் மீதான வழக்கில், 1968-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழி சொன்னது: வென்றவருக்கு வழக்கறிஞர் கட்டணத்தை எதிராளி கொடுப்பதே பொது விதி, ஏனெனில் அவர் தமக்காக மட்டும் அல்ல, பொதுநலனுக்காகவும் வழக்காடுகிறார். சட்டத்துக்குப் பல் முளைத்தது அப்போதுதான் என்பேன்.

அதே 1968-இல் நான் நினைவில் வைக்கச் சொன்ன 1866 சட்டம் எழுந்து உட்கார்ந்தது. செயின்ட் லூயிஸ் புறநகரில் கறுப்பர் என்பதால் ஜோன்ஸ் என்பவருக்கு வீடு விற்க மறுத்தார்கள். 102 ஆண்டு பழைய சட்டத்தை எடுத்து வந்தார். ஏழுக்கு இரண்டு என்று வென்றார். 14-ஆம் திருத்தம் தனியாளைத் தொடாது. 13-ஆம் திருத்தம் தொடும், அடிமைத்தனத்தின் சின்னங்களை ஒழிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றது நீதிமன்றம். 1883-இல் ஹார்லன் தனியாக நின்று சொன்ன வாதத்தின் சாரம் இதுதான். எதிர்த்து எழுதியவர் யார் என்று கேளுங்கள்.

#15 பொடிநடை

பேரனா?

#16 மாறுபட்டதீர்ப்பு

பேரனேதான்.

#17 செனட்காலரி

கந்தனுக்கு ஒன்று. சமத்துவத்துக்கென்றே எழுதிய 15-ஆம் திருத்தத்தின் மீது நேராகக் கட்டிய சட்டம் 1965 வாக்குரிமைச் சட்டம். அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போனவர்கள் ரத்தம் சிந்திய ஐந்து மாதத்தில் வந்தது. மிசிசிப்பியில் பதிவான கறுப்பின வாக்காளர் 6.7 விழுக்காட்டிலிருந்து 1967-க்குள் 59.8 ஆனார்கள். தேர்தல் விதியை மாற்றுமுன் வாஷிங்டனின் அனுமதி பெறவேண்டும் என்பதுதான் அதன் முதுகெலும்பு. எந்தெந்த மாநிலங்கள் பெறவேண்டும் என்ற கணக்குமுறையை 2013-இல் ஐந்துக்கு நான்கு என்று அடித்தார்கள், முதுகெலும்பு செயலிழந்தது. உங்கள் இறைச்சி பில் சட்டத்தின் உணவகப் பகுதியோ அசையாமல் நிற்கிறது. நேர்வழிதான் உறுதியானது என்று எப்படிச் சொல்வீர்கள்?

#18 அட்லாண்டாசெல்வி

1965 என்றதும் ஒரு இடைச்செருகல். அதே ஆண்டு அக்டோபரில், பிறந்த நாட்டைப் பார்த்துக் குடியேற்ற அளவு வைக்கும் முறையையும் ஒழித்தார்கள். அதற்கு முன் 1946 சட்டப்படி இந்தியாவுக்கு ஆண்டுக்கு 100 இடம். செல்மாவில் நடந்தவர்கள் எங்களை நினைத்து நடக்கவில்லை. கதவு எங்களுக்கும் திறந்தது. இங்குள்ள நம்மவர் சிலர் அந்த மக்களைப் பற்றிப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுதினால் மட்டுறுத்துநர் நீக்கிவிடுவார்.

#19 தாமிரபரணிக்கரை

செனட்காலரி சொன்னதை வைத்து இரண்டு நாள் யோசித்தேன். கூடவே மாறுபட்டதீர்ப்பு ஐயா தனிமடலில் சொன்ன ஒரு வழக்கையும் படித்தேன். 2000-ஆம் ஆண்டு, மாரிசன் வழக்கு. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள் தாக்கியவர் மீது நடுவண் நீதிமன்றத்தில் இழப்பீடு கேட்கலாம் என்று 1994-இல் சட்டம் போட்டிருந்தார்கள். வர்ஜீனியாவில் ஒரு கல்லூரி மாணவி அதன்படி வழக்குத் தொடுத்தார். உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று அந்தப் பகுதியைச் செல்லாது என்றது. இரண்டு காரணம். வன்முறை வணிகம் அல்ல. 14-ஆம் திருத்தமோ தனியாளைத் தொடாது. அதற்கு மேற்கோள் 1883.

சுற்றிக்கொண்டு போனதால் 1883 அப்படியே நின்றது. 117 ஆண்டு கழித்து ஒரு பெண்ணின் முன்னால் வந்து வழிமறித்தது. சாப்பாட்டுக்கு பில் இருந்தது, அறைக்கு வாடகை இருந்தது, சட்டம் காத்தது. அவருடைய துன்பத்துக்கு பில் இல்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது.

ஆனாலும் 1964-இல் அந்த அவையில் நானும் இருந்திருந்தால் வணிகத்துக்குத்தான் கை தூக்கியிருப்பேன், கந்தன். பசித்து வாசலில் நிற்பவரிடம் நூறாண்டுத் தீர்ப்பை முதலில் மாற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்ல முடியாது.

#20 கறார்கந்தன்

வாக்கு உங்களுக்கு. கூச்சம் எனக்கும் இருக்கட்டும்.

#21 மாறுபட்டதீர்ப்பு

ஒன்று விட்டுப்போயிற்று. 1883 வழக்குகளில் டென்னசி வழக்கு ஒரு ரயில் பயணம்; மாநிலம் கடந்து வர்ஜீனியாவுக்குப் போகும் பயணம். இதையாவது மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் என்று காப்பாற்றக் கூடாதா என்று ஹார்லன் தம் மாறுபட்ட தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார். பிராட்லியும் அந்தக் கேள்வி இப்போது எங்கள் முன் இல்லை என்று கதவை ஒருக்களித்து விட்டிருந்தார். 1964-இல் நுழைந்தது அந்த இடுக்கு வழியாகத்தான்.

#22 தாமிரபரணிக்கரை

அந்த மாறுபட்ட தீர்ப்பைத் தமிழில் எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். முதல் பக்கத்திலேயே தடங்கல். 1875 சட்டத்தில் வரும் இடங்களுக்கெல்லாம் சேர்த்துத் தமிழில் ஒரே சொல் வேண்டும். 'பொதுப் புழக்க இடங்கள்' சரியாக இருக்குமா?

#23 பொடிநடை

முனிசிபாலிட்டிப் பலகை போலிருக்கிறது. சத்திரம், வண்டி, படகு, நாடகக் கொட்டகை என்று பிரித்தே எழுதிவிடுங்கள். யாரை எங்கே விடவில்லை என்று படிக்கிறவருக்குத் தெரியட்டும்.